ஆளில்லாமல் வந்த பாய்

அத்தியாயம் பதினொன்று

அமலோற்பவத்துக்கு அன்றைக்கு ஒரே ஒரு வேலைதான். கோவிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடம் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையிலிருந்து தப்பிப்பதற்காக விடிந்ததிலிருந்து அவள் ஆறு குடம் தண்ணீர் எடுத்தாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். அரிசியில் இல்லாத கல்லையெல்லாம் பொறுக்கினாள். வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது, வார்த்தைதான் வரவில்லை.

நாளை சனிக்கிழமை காலையில் அவள் கணவன் இஞ்ஞாசியின் ஆன்மாவுக்காகப் பூசை. நடுக்கோவிலில் தூம்பா வைக்க வேண்டும் என்று மாமியார் மதலேனம்மாள் கேட்டிருந்தாள். தூம்பா என்பது வெறும் மரச்சட்டம். உடல் கிடைக்காத சாவுக்கு, சவப்பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் அதை வைத்துக் கறுப்புத் துணி போர்த்தி, சுற்றிலும் மெழுகுதிரி ஏற்றுவார்கள். கடலை நம்பிப் பிழைக்கிற ஊர் என்பதால் அந்தச் சட்டத்துக்கு ஓய்வே கிடையாது.

"பெற்றவள் கேட்டால் போதாது. தாலி கட்டிக்கொண்டவள் வந்து சொல்லட்டும். வெள்ளிக்கிழமை சாயங்கால மணிக்குள் சொன்னால் துணியை எடுக்கிறேன்" என்று சாமியார் முடிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். இன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை.

இஞ்ஞாசி 'சலேத்து மாதா' தோணியின் தண்டல். பாயும் சுக்கானும் ஆறு ஆட்களும் அவன் சொல் கேட்க வேண்டும். தவக்காலத்தின் கடைசியில் ஓடு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனான். கூடப் போன ஆறு பேரும் பெரியதாழைக்காரர்கள். உயிர்த்த ஞாயிறன்று காலையில் ஜப்பான்காரன் கொழும்புத் துறைமுகத்தில் குண்டு போட்டான். நாற்பது நாள் ஓடிவிட்டது. கொழும்புக்கு அடித்த இரண்டு தந்திக்கும் பதிலில்லை. இங்கேயும் குண்டு விழும் என்று பயந்து பாதித் தூத்துக்குடி ஸ்ரீவைகுண்டம் பக்கம் வண்டி கட்டிப் போய்விட்டது. மீதிப் பாதி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே தெருவில் நடந்தது.

"ஏளா அமலோற்பவம்" என்று மதலேனம்மாள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கையில் ஜெபமாலை. "இன்னும் பொறப்படலியா?"

"அரிசி களையணும் மாமி."

"அரிசியத்தான் காலையில இருந்து களையுத." கிழவியின் குரல் உடைந்தது. "விடியக்காலமும் கனவுல வந்தான்ளா. வாசல்ல நிக்கான். உள்ள வரமாட்டேங்கான். தண்ணி குடும்மான்னு கேக்கான். நான் செம்பை எடுக்கதுக்குள்ள போயிருதான்."

அமலோற்பவம் அரிசியைத் திரும்பவும் அலசினாள்.

"உத்தரிக்கிற ஸ்தலத்துல வேகுதான் என் பிள்ளை. பூசை வச்சாத்தான் அவனுக்கு அந்தத் தண்ணி கிடைக்கும். நீ ஒருநாள் தள்ளிப்போட்டா அவன் ஒருநாள் கூட வேவான். ஆண்டவர் சித்தத்துக்குப் பணியணும் தாயி."

"அவரு சித்தம் என்னன்னு அவரு இன்னும் சொல்லலியே மாமி."

"நாப்பது நாளு பேசாம இருக்காரே, அது சொன்னது மாதிரி இல்லியா?"

அமலோற்பவம் ஒன்பது நாள் ஜெபமான நவநாளை மூன்று தடவை முடித்துவிட்டாள். முழங்கால் காய்த்துப்போயிருந்தது. ஆண்டவர் காதில் விழவில்லையா, விழுந்தும் வாய் திறக்காமல் இருக்கிறாரா என்று கேட்பதே பாவம் என்பதால் அந்தக் கேள்வியையும் அவள் தினமும், சாமியாரிடம் பாவம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கென்று சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பயமாக இருந்தது. இரண்டு பக்கமும் பயமாக இருந்தது. அவன் உயிரோடு இருந்தால், இன்று சொல்லப்போகிற 'சரி'யோடு அவனைக் கைவிட்டவள் அவளே. அவன் இறந்திருந்தால், இந்த நாற்பது நாளும் அவனை நெருப்பில் நிறுத்தி வைத்திருப்பவளும் அவளே. கிழவி கெட்டவள் என்றால் எதிர்த்துச் சண்டை போடலாம். அவளும் பெற்ற பிள்ளைக்காகத்தானே அழுகிறாள்.

"சோத்தை வடிச்சிட்டுப் போறேன் மாமி" என்றாள் கடைசியில்.

சோறு வடிக்கவில்லை. கொதி வருவதற்குள் தெருவில் ஆள் ஓடிவரும் சத்தம் கேட்டது. இஞ்ஞாசியின் தம்பி ரோச். மூச்சு வாங்கியபடி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மைனி! பாய் தெரியுது! நம்ம பாய்! நீலத் துண்டு வச்ச பாய்!"

அந்தக் கரையில் யாரும் தோணியைப் பெயர் படித்து அறிவதில்லை. பெயர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் தோணி வரும்போது ஊருக்கே விஷயம் தெரிந்து போயிருக்கும். பாயைப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஒவ்வொரு பாய்க்கும் ஒவ்வொரு ஒட்டு, ஒவ்வொரு தையல். சலேத்து மாதாவின் பாயில் மேல்மூலைக்குப் பக்கத்தில் முழ அகலத்துக்கு நீலத் துண்டு. போன கார்த்திகையில் அமலோற்பவமே நடுவீட்டில் பாயை விரித்துக் கோணூசியால் தைத்தது. கட்டை விரலில் ஊசி ஏறிய தழும்பு இன்னும் இருக்கிறது.

அடுப்பில் பானை இருப்பதையே மறந்து ஓடினாள். செருப்பு இல்லை, முந்தானை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். மதலேனம்மாள் ஜெபமாலையை வாயில் கவ்விக்கொண்டு, சேலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். அறுபத்திரண்டு வயசுக்காரி அந்த ஓட்டம் ஓடுவாள் என்று யார் நினைத்தார்கள்!

கடற்கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கச்சான் காற்றில் புடைத்துக்கொண்டு பாய் வந்தது. பழுப்புப் பாய், மேல்மூலையில் நீலம்.

"என் தாயே! என் மாதாவே!" என்று மதலேனம்மாள் ஈர மணலில் முழங்காலில் விழுந்தாள். "பாவி, தூம்பா வைக்கச் சொன்னனே! நான் பாவி, என் நாக்கு அழுவ!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ரோச் அழுதான், சிரித்தான், பக்கத்தில் நின்றவனைக் கட்டிப்பிடித்தான். பூசை வேண்டாமென்று சொல்ல அப்போதே கோவிலுக்கு ஓடினான். அமலோற்பவம் ஆண்டவரிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டாள். நாற்பது நாள் சந்தேகப்பட்டதற்கும் சேர்த்துக் கேட்டாள்.

கூட்டத்தில் முதலில் வாயை மூடிக்கொண்டவள் சீனித்தாய்தான். சீனித்தாய் கருப்பட்டி விற்கிறவள், அடுத்த தெரு. கூர்மையான கண். அவள் அமலோற்பவத்தின் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏளா, தோணி மூக்கைப் பாரு."

"என்னக்கா?"

"பச்சையா இருக்கே."

சலேத்து மாதாவின் முகப்புக்கு வெள்ளை பூசி, அதில் சிலுவை வரைந்திருக்கும். வருகிற தோணியின் முகப்பு பச்சை. பச்சை முகப்பு காயல்பட்டினத்து மரைக்காயர் தோணிக்கு.

பாய் அவர்களுடையது. தோணி அவர்களுடையது இல்லை.

கூட்டத்தின் சத்தம் ஓய்ந்து போயிற்று. பாய் இல்லாமல் தோணி கடலில் போகாது, தோணி இல்லாமல் பாய் மட்டும் வருவதென்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற குழந்தைக்கும் தெரியும். மதலேனம்மாள் முழங்காலிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். "மெதந்த பாயை எடுத்துக் கட்டியிருக்கான்" என்று மட்டும் சொன்னாள்.

உடனே போய்க் கேட்கவும் வழியில்லை. யுத்தகாலம். எந்தத் தோணி வந்தாலும் வெளியிலேயே நங்கூரம் போட வேண்டும். பட்டாளத்தாரின் விசைப்படகான லாஞ்சி போய் ஆளையும் சரக்கையும் சோதித்து விட்ட பிறகுதான் கரையில் கால் வைக்கலாம். லாஞ்சி அன்றைக்கென்று நிதானமாகக் கிளம்பிற்று.

ஆறு மணி நேரம். வெயில் உச்சிக்கு ஏறி இறங்கியது. அமலோற்பவம் பண்டகசாலைச் சுவரின் நிழலில் உட்கார்ந்து அந்த நீலத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபம் சொல்லப் பார்த்தாள். 'உம்முடைய சித்தம்' என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அந்த இரண்டு வார்த்தையைத் தாண்ட முடியவில்லை. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். திரும்பவும் அங்கேயே நின்றது.

சீனித்தாய் எங்கேயோ போய் ஒரு செம்பு பானகம் கொண்டுவந்தாள். "குடி. எங்க சந்தனமாரி அம்மன் கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். ஒரு வேலைக்கு ரெண்டு எடத்துல சொல்லி வச்சா ஒண்ணும் கொறஞ்சு போயிராது."

அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. "அக்கா, எனக்கு அந்த ஆளு கரைக்கு வரவே வேண்டாம்னு இருக்கு. வந்தா சொல்லிருவானே."

"அதுக்கு? தெரியாமலே இருந்துரலாமா?"

"நாப்பது நாளா அப்படித்தானே இருந்தேன். பயந்துக்கிட்டே இருந்தேன், ஆனா இருந்தேன்லா."

கோவிலுக்கு ஓடிய ரோச் திரும்பி வந்து தள்ளி நின்றான். பூசை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தவன். இப்போது எந்த முகத்தோடு திரும்பிப் போவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கடைசியில் சின்னப் படகு ஒன்று கரை தட்டியது. இறங்கியவர் அந்தத் தோணியின் தண்டல் மக்தூம். ஐம்பது வயசு, தாடி நரைத்து, காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்போல் இருந்தார். தன்னைச் சுற்றிய கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "இஞ்ஞாசி ஊட்டுக்காரவுக யாரு?" என்று கேட்டார்.

அமலோற்பவம் எழுந்து நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, நான் மெதந்த பாயை எடுத்துக் கட்டல. அல்லா மேல ஆணை. உன் மாப்பிள்ளை தன் கையால கழத்திக் குடுத்த பாய் இது."

அவர் சொன்னது இதுதான். பெரிய வெள்ளிக்கிழமையன்று கொழும்புத் துறைமுகத்தில் இரண்டு தோணியும் பக்கம் பக்கமாக நின்றன. மக்தூமின் பாய் காற்றில் கிழிந்து உதவாமல் போயிருந்தது. இஞ்ஞாசியின் தோணியைக் கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் வேலைக்கென்று அதிகாரிகள் இரண்டு வாரத்துக்கு நிறுத்தி வைத்துவிட்டார்கள். "நான் எங்கன போவப்போறேன், மரைக்காரே? நீங்க என் பாயைக் கட்டிக்கிட்டுப் போங்க. அடுத்த நடையில கொண்டாந்து குடுங்க" என்று அவனே கழற்றிக் கொடுத்தான். மக்தூம் சனிக்கிழமை கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை குண்டு விழுந்தபோது அவர் கொழும்புக்கு வடக்கே கற்பிட்டிக்குப் பக்கத்தில். அங்கே எந்தத் தோணியும் நகரக்கூடாதென்று ஒரு மாதத்துக்கு மேல் பிடித்து வைத்திருந்தார்கள்.

"அப்போ குண்டு விழுந்தப்போ..." என்று ரோச் இழுத்தான். "அண்ணன் பாய் இல்லாத தோணியில துறைமுகத்துக்குள்ளேயே நின்னிருக்கான்."

மக்தூம் தலை குனிந்தார். "அதான் எனக்கு நாப்பது நாளா உறக்கம் இல்ல, தம்பி. பாய் இருந்திருந்தா அவன் வெளிய ஓடிருப்பான்."

பிறத்தியாருக்குச் செய்த உதவி அவன் கழுத்தைச் சுற்றிவிட்டது. அமலோற்பவத்துக்குக் கோபம் வந்தது. எதிரில் நின்ற மனிதர் மேல் அல்ல, ஆண்டவர் மேல் வந்தது. நல்லது செய்கிறவனை நீர் இப்படித்தான் பார்த்துக்கொள்வீரா என்று மனசுக்குள் கேட்டே விட்டாள்.

"ஒரு சேதி சொல்லச் சொன்னான்" என்றார் மக்தூம். "ஞாயித்துக்கிழமை விடியக்காலம் கொச்சிக்கடைக் கோவிலுக்குப் பூசைக்குப் போறேன், வீட்டுல சொல்லிருங்க, அவ கேப்பான்னு சொன்னான். குண்டு விழுந்தது காலையில ஏழரை மணிக்கு. அவன் கோவிலுக்குப் போயிருந்தான்னா தோணியில இருந்திருக்க மாட்டான்."

அமலோற்பவம் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவளுக்கு அல்லவா தெரியும்! இரண்டு வருஷமாக இஞ்ஞாசி, உயிர்த்த ஞாயிறை ஒட்டிய பாஸ்கு காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் பாதியில் வந்து, வெளியே நின்று பீடி குடித்துவிட்டு, ஆசீர்வாதத்துக்கு மட்டும் உள்ளே தலையை நீட்டுகிறவன். கொழும்புக்குக் கிளம்பிய அன்று வாசலில் மறித்துச் சண்டை போட்டாள். "பாஸ்குக்குப் பூசை காணாம இந்தப் படி ஏறாதீங்க" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே போனான். ஆண்டவரை நம்புவது அவளுக்குப் பழகின காரியம். தன் புருஷன் விடியற்காலையில் எழுந்திருந்தான் என்று நம்புவதுதான் இதுவரை செய்து பார்க்காதது.

"அவன் எந்திரிச்சிருக்க மாட்டான்" என்று மதலேனம்மாள் அரற்றினாள். "அவன் உறக்கம் எனக்குத் தெரியும். நான்தான் பாவி, உறங்கட்டும் உறங்கட்டும்னு செல்லங் குடுத்து வளத்தேன்."

"எந்திரிச்சிருப்பாரு மாமி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது மாமி." அமலோற்பவம் முகத்திலிருந்து கையை எடுத்தாள். "எனக்கு ஒண்ணுமே தெரியாது. அவரு சொன்னாருல்லா, அதான் தெரியும்."

ரோச் முன்னால் வந்தான். "மரைக்காரே, பாயை இங்கன எறக்கிட்டுப் போங்க. அது அண்ணன் பொருளு. வீட்டுல இருக்கட்டும்."

மக்தூம் இல்லையென்று தலையசைத்தார். "தம்பி, இது அமானிதம். குடுத்தவன் கையிலதான் திருப்பிக் குடுப்பேன். உங்க கையில எறக்கினா, அவன் மவுத்தாயிட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும். எனக்கு அது தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன்." சற்று மூச்சு வாங்கினார். "திங்கக்கிழமை திரும்பக் கொழும்புக்குப் போறேன். பாஸ் கிடைச்சிருக்கு. இதான் கடைசி நடை. கச்சான் முத்திட்டா ஆவணி வரைக்கும் தோணி ஓடாது. கூட ஒரு ஆளு வாங்க. ஆஸ்பத்திரியிலயும் பட்டாளத்து ஆபீசுலயும் போயி நான் கேட்டா, நீ யாருடாம்பான். கூடப் பொறந்தவன் கேட்டா ஏட்டைப் பொரட்டுவான்."

எல்லோருடைய கண்ணும் ரோச் மேல் திரும்பியது. ரோச் மணலைப் பார்த்தான். கடல் தொழில் செய்கிற பரவர் வீட்டுப் பிள்ளைதான், ஆனால் பன்னிரண்டு வயசில் வள்ளம் கவிழ்ந்து, தகப்பன் மூழ்கியதைக் கண்ணால் பார்த்தவன். அதிலிருந்து கடலில் கால் நனைத்ததில்லை. பஞ்சுக் கிடங்கில் எடை பார்க்கிற வேலை. அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்கால மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. அமலோற்பவம் முகத்தைத் துடைத்துக்கொண்டு கோவிலைப் பார்த்து நடந்தாள். கிழவி பின்னால் வந்தாள். கொஞ்சம் தள்ளி ரோச்.

கோவிலுக்குள் தூம்பாச் சட்டம் ஓரமாகச் சாய்ந்து நின்றது. கறுப்புத் துணி மடித்தபடி பெஞ்சில் இருந்தது. யாருக்காகப் பூசை என்ற கருத்துகளை எழுதுகிற நோட்டோடு சாமியார் வந்தார். காலையில் ரோச் வந்து கத்தியதும், பிறகு கடற்கரையில் நடந்ததும் அதற்குள் அவருக்கு வந்து சேர்ந்திருந்தன.

"என்னம்மா முடிவு பண்ணினாய்?"

"நாளைக்குப் பூசை இருக்கட்டும் சாமி." பின்னால் மாமியார் விம்முவது கேட்டது. "ஆனா தூம்பா வேண்டாம். கறுப்பு வேண்டாம்."

"அப்படியானால் என்ன கருத்துக்கு? மரித்தவருக்கா, உயிரோடு இருக்கிறவருக்கா? நான் ஒன்று எழுத வேண்டுமே."

அமலோற்பவம் பீடத்தைப் பார்த்தாள். பயம் போகவில்லை. நெஞ்சுக்குள் அப்படியே இருந்தது. ஆனாலும் மத்தியானம் தாண்ட முடியாத 'உம்முடைய சித்தம்' இப்போது கொஞ்சம் இடம் விட்டது.

"அது ஆண்டவருக்குத் தெரியும் சாமி. என் வீட்டுக்காரரு நெருப்புல இருந்தா அதுக்கு ஆவட்டும். ஆஸ்பத்திரியில இருந்தா அதுக்கு ஆவட்டும். எனக்குத் தெரியாததை நான் சொல்ல மாட்டேன். பேரை மட்டும் எழுதுங்க."

சாமியார் கறுப்புத் துணியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். "நாளைக்கு மாதா பூசையாகச் செய்கிறேன். வெள்ளை உடுப்பு" என்று சொல்லிவிட்டு, நோட்டில் இஞ்ஞாசி என்று எழுதினார். முன்னால் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை.

நோட்டை மூடப் போனவரை மதலேனம்மாள் தடுத்தாள். அழுது அழுது அவள் கண் சுருங்கியிருந்தது.

"சாமி, அதே பூசையில ரோச் பேரையும் போட்டுக்கிடுங்க."

"ரோச்சுக்கா? இங்கேதானே நிற்கிறான்?"

கிழவி திரும்பிப் பார்க்கவில்லை. "நாளைக்கு நிப்பான் சாமி. திங்கக்கிழமை நிக்க மாட்டான்."

மணி அடிக்கத் தொடங்கியது. ரோச் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. வேண்டாம் என்று அவன் சொல்லிவிடுவான் என்று அமலோற்பவம் காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. சாமியாரின் பேனா இரண்டாவது பெயரை எழுதியபோது, இன்று காலையில் ஒருவனுக்காகப் பயந்தவள் இனி இரண்டு பேருக்காகப் பயப்பட வேண்டும் என்பது அவளுக்கு விளங்கியது. அவள் மாமியாரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.